சிட்டி வேலை நியூயார்க்கில், வீடு எடிசனில்: நடக்குமா?

கேள்வி: நியூயார்க் மாநகராட்சியின் ஒரு துறையில் உதவி சிவில் இன்ஜினியராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. சம்பளம் 71,000 டாலர். மனைவிக்குப் பகுதி நேர வேலை, 34,000 வருகிறது. ஒரு குழந்தை. ஃப்ளஷிங்கில் வாடகைக்கு இருக்கிறோம். வீட்டு விலை இங்கே எட்டவே இல்லை. நியூஜெர்சி எடிசனில் மச்சான் இருப்பதால் அங்கேயே வாங்கிவிடலாம் என்கிறாள் மனைவி. சிட்டி ஊழியர் சிட்டிக்குள்தான் குடியிருக்க வேண்டுமாமே? தெரிந்தவர் ஒருவர், மாதம் 200 டாலர் கொடுத்தால் குயின்ஸில் உள்ள தன் வீட்டு அட்ரஸைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிறார். செய்யலாமா?

பதில்: கூடாது. முதலில் அந்த 200 டாலர் மனிதரிடமிருந்து விலகுங்கள், மற்றதை அப்புறம் பேசலாம்.

1986 செப்டம்பர் 1-க்குப் பிறகு மாநகர வேலையில் சேர்ந்தவர், சேர்ந்த 90 நாளுக்குள் நகரத்தின் ஐந்து பரோக்களில் (குயின்ஸ் போன்ற நகரப் பிரிவுகளில்) ஒன்றில் குடியேறி, அங்கேயே தொடர்ந்து இருக்க வேண்டும். இல்லையென்றால் வேலை போகும். நோட்டீஸ் கொடுப்பார்கள், உங்கள் பக்கத்தைச் சொல்ல ஒரு வாய்ப்பும் தருவார்கள், அவ்வளவுதான். குடியிருப்பு என்றால் தபால் வரும் இடம் இல்லை, நீங்கள் நிஜமாகவே வாழும் இடம். கார் பதிவு எங்கே, வருமான வரிக் கணக்கில் எந்த முகவரி, குழந்தை எந்தப் பள்ளியில் படிக்கிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். அட்ரஸ் வாடகைக்கு விடுகிறவர்களை இருபது வருடமாகப் பார்க்கிறேன். கோயில் கேன்டீனில் காபி வாங்கிக் கொடுத்து, “எல்லாரும் செய்றதுதான் சார்” என்று ஆரம்பிப்பார்கள். மாட்டிக்கொண்டால் போவது உங்கள் வேலை. அவருக்குப் போவது மாதம் 200 டாலர் மட்டும்.

ஆசிரியர்களுக்கும் இன்னும் சிலருக்கும் விதி வேறு. அதை உங்கள் கணக்கில் சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். உங்களுக்குப் பொருந்தும் விலக்கு ஒன்றுதான். அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள், இதில்தான் நிறைய பேர் சறுக்குகிறார்கள்.

இரண்டு வருட சர்வீஸ் முடித்தவர் நகரத்தைவிட்டு வெளியே போகலாம். ஆனால் எங்கே வேண்டுமானாலும் இல்லை. நாஸா (Nassau), சஃபக், வெஸ்ட்செஸ்டர், ராக்லாண்ட், ஆரஞ்ச், பட்னம் என்று ஆறு கவுண்டிகள் (மாவட்டங்கள்) மட்டும். ஆறுமே நியூயார்க் மாநிலத்துக்குள் இருப்பவை. எடிசன் ரயிலில் எவ்வளவு பக்கத்தில் இருந்தாலும் அது வேறு மாநிலம். இரண்டு வருடம் ஆனாலும், இருபது வருடம் ஆனாலும் இந்த விலக்கு அங்கே செல்லாது. நகரத்திலிருந்து அறுபது மைல் தள்ளி ஆரஞ்ச் கவுண்டியில் இருக்கலாமாம், ஹட்சன் ஆற்றுக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிகிற ஜெர்சி சிட்டியில் இருக்கக் கூடாதாம். இதில் என்ன நியாயம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்களுக்கு இன்னும் 16 மாதம் பாக்கி. அதற்குள் தரகர் யாராவது ஃப்ளோரல் பார்க்கிலோ பெல்லரோஸிலோ வீடு காட்டுவார். நம் ஊர்க்காரர்கள் நிறைய இருக்கும் இடம், தோசை மாவுகூடக் கடையில் கிடைக்கும், உங்களுக்கும் பிடித்துப்போகும். “இதுவும் குயின்ஸ்தான் சார்” என்பார். ஃப்ளோரல் பார்க், பெல்லரோஸ், நியூ ஹைட் பார்க் ஆகிய பெயர்கள் எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் உண்டு. தெருவின் இந்தப் பக்கம் குயின்ஸ், சற்றுத் தள்ளிப் போனால் நாஸா கவுண்டி. தபால் முகவரியை வைத்து முடிவு செய்யாதீர்கள். வீட்டின் சொத்து வரி பில்லைக் கேளுங்கள். நியூயார்க் நகர நிதித்துறை அனுப்பிய பில்லாக இருந்து, அதில் பரோ, பிளாக், லாட் எண்கள் இருந்தால் அது சிட்டி. நாஸா பில் என்றால் 16 மாதம் கழித்து வாருங்கள் என்று சொல்லிவிடுங்கள். பில்லைக் காட்டத் தயங்கும் தரகரோடு அடுத்த வீடு பார்க்கப் போகாதீர்கள்.

இரண்டு வருடம் முடிந்து நாஸா போனாலும் நீங்கள் நினைக்கிற அளவு மிச்சமாகாது. சிட்டிக்கு வெளியே போனால் சிட்டி வருமான வரி இல்லை என்று சந்தோஷப்படுவார்கள். மாநகர ஊழியருக்கு அது இல்லை. வெளியே குடியிருக்கும் ஊழியர், உள்ளே இருந்தால் கட்டியிருக்க வேண்டிய தொகையை 1127 என்ற படிவத்தில் கட்ட வேண்டும். வரி என்று சொல்ல மாட்டார்கள், வேலைக்கான நிபந்தனை என்பார்கள். பெயர் எதுவானாலும் பணம் போகிறது. உங்கள் சம்பளத்துக்கு வருடத்துக்கு 2,000 டாலரை ஒட்டி வரும். அதற்கு மேல் நாஸாவில் சொத்து வரி 10,000 டாலரைத் தாண்டுவது சர்வசாதாரணம். ஊருக்குள் வாழும் சம்பளம் தருவதில்லை, ஊரைவிட்டுப் போகவும் விடுவதில்லை, போனால் பின்னாலேயே பில் வருகிறது.

சரி, சிட்டிக்குள்ளேயே வழி இருக்கிறதா? இருக்கிறது. மாநகர வீட்டுவசதித் துறையின் ஹோம்ஃபர்ஸ்ட் திட்டத்தில் முதல் முறை வீடு வாங்குகிறவருக்கு முன்பணத்துக்காக 1,00,000 டாலர் வரை கடனாகக் கிடைக்கும். வாங்கும் வீட்டில் நீங்களே குடியிருக்க வேண்டும். கடன் 40,000 டாலருக்குள் என்றால் 10 வருடம், அதற்கு மேல் என்றால் 15 வருடம் இருந்துவிட்டால் கடன் தள்ளுபடி. குடும்ப வருமானம் அந்தப் பகுதியின் இடைநிலை வருமானத்தில் (median) 80 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2024 கணக்கில் 3 பேர் குடும்பத்துக்கு அது 1,11,840 டாலர். உங்கள் இருவரின் வருமானம் 1,05,000. உள்ளே இருக்கிறீர்கள், ஆனால் விளிம்பில். மனைவி முழு நேர வேலைக்கு மாறினாலோ, உங்களுக்குப் பதவி உயர்வு வந்தாலோ கதவு மூடிவிடும். பதவி உயர்வை வேண்டாம் என்று சொல்லச் சொல்லவில்லை, விண்ணப்பத்தைத் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன். வீட்டு விலையில் 3 சதவீதம் நீங்கள் போட வேண்டும், அதில் பாதியாவது சொந்தச் சேமிப்பாக இருக்க வேண்டும். வீடு வாங்குவது பற்றித் துறை அங்கீகரித்த வகுப்பு ஒன்றை முடிக்க வேண்டும். வகுப்பு அலுப்பாகத்தான் இருக்கும், போய் உட்காருங்கள்.

தரகர்களுக்கு இந்தத் திட்டம் பிடிக்காது. பேப்பர் அதிகம், வீட்டைச் சோதனை செய்வார்கள், கமிஷன் தாமதமாகும். “அதெல்லாம் கிடைக்காது சார்” என்று சொல்லிவிட்டு, இரண்டு குடும்ப வீட்டைக் காட்டி, பேஸ்மென்ட்டை வாடகைக்கு விட்டால் கடன் தானே அடையும் என்பார்கள். அந்த வீட்டில் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று சொல்லும் சான்றிதழை (certificate of occupancy) நகரக் கட்டடத் துறையின் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். அதில் பேஸ்மென்ட் குடியிருப்பு என்று இல்லையென்றால் அந்த வாடகை சட்டவிரோதம். அபராதம் வரும், குடியிருப்பவரைக் காலி செய்யச் சொல்வார்கள், கடன் தவணை மட்டும் காலியாகாது. 2021 செப்டம்பரில் இடா புயல் மழை கொட்டிய இரவில் இந்த நகரத்தின் அடித்தள வீடுகளில் 11 பேர் இறந்தார்கள். நீங்கள் இன்ஜினியர், வடிகால் பற்றி நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

தனி வீடு எட்டாவிட்டால் குயின்ஸில் கோ-ஆப் (குடியிருப்பவர்களே பங்குதாரர்களாக இருக்கும் அடுக்குமாடி) பாருங்கள், விலை கணிசமாகக் குறையும். பல கோ-ஆப் போர்டுகள் 20 சதவீதம் முன்பணம் கேட்கும், ஹோம்ஃபர்ஸ்ட் பணத்தை அதில் ஏற்பார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இடையில் வாடகை அழுத்தினால் ஹவுசிங் கனெக்ட் என்ற மாநகராட்சியின் மலிவு வீட்டுக் குலுக்கலில் பெயர் போடுங்கள். மாநகர ஊழியருக்கு அதில் 5 சதவீத முன்னுரிமை உண்டு. 60 வீடு உள்ள கட்டடத்தில் 3 வீடு, அதற்கு ஆயிரக்கணக்கில் விண்ணப்பம், அதனால் கனவு காண வேண்டாம். ஆனால் விண்ணப்பிக்கக் காசு கிடையாது. காசு கேட்டு விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன் என்பவர், ஒரே குடும்பத்துக்கு இரண்டு விண்ணப்பம் போட்டு உங்களைத் தகுதி இழக்க வைக்கவும் கூடும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. எந்தத் தேதியில் உங்களுக்கு இரண்டு வருட சர்வீஸ் முடிகிறது என்று உங்கள் துறையின் எச்.ஆரிடம் கேளுங்கள். வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டு வராதீர்கள், ஈமெயிலில் வாங்குங்கள். அங்கே பதில் வர ஒரு மாதம் ஆகும்.