மிதக்கும் டாங்கியில் புழுதி எங்கே படியும்? மாதிரி வாகன வண்ணப் பூச்சு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: 1/20 அளவு நட்ராக்கர் பிளாஸ்டிக் மாதிரி கிட்டை ஒட்டி முடித்துவிட்டேன். சங்கிலிப் பட்டையும் இல்லை, சக்கரமும் இல்லை. புழுதியையும் கீறலையும் எங்கே போடுவது? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: நட்ராக்கர் ஆளில்லாத வண்டி. 1982இல் ‘ஹாபி ஜப்பான்’ இதழில் கோ யோகோயாமா தொடங்கிய தொடர்தான் பின்னாளில் மஷினன் க்ரீகர் என்று பெயர் பெற்றது. அந்தக் கற்பனை உலகில் இது தரையை ஒட்டி மிதந்து செல்லும் டாங்கி. இந்த இரண்டு விஷயங்களும் சேர்ந்து அழுக்கு எங்கே வரும், எங்கே வராது என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகின்றன. உள்ளே ஆள் இல்லாததால் ஏறி இறங்கும் பூட்ஸ் தேய்மானம் இருக்காது. சாதாரண டாங்கியில் மேல்மூடியைச் சுற்றிப் பெயின்ட் உதிர்ந்து உலோகம் தெரியும். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பொய்யாகத் தெரியும். பழுது பார்ப்பவர்கள் திறக்கும் மூடிகளின் ஓரத்தில் கொஞ்சம் தேய்மானமும் எண்ணெய்க் கறையும் போதும்.

புழுதிக்கு ஹோவர்கிராஃப்டைப் பாருங்கள். கீழ்நோக்கித் தள்ளப்படும் காற்று தரையில் மோதி வெளிப்பக்கமாகப் பிரிந்து மேலே எழும். அதனால் அடிவிளிம்பிலும் பக்கச் சுவரின் கீழ் மூன்றில் ஒரு பங்கிலும் புழுதி அடர்த்தியாக இருக்க வேண்டும். பின்பக்கத்தில் இன்னும் கூடுதலாக. மேல்தளத்தில் பள்ளங்களிலும் மூலைகளிலும் மட்டும் மெல்லிய படிவு. சிறு கல் பட்ட கீறல்கள் முன்பக்கத்தின் கீழ் விளிம்பில் நெருக்கமாக வரட்டும்.

கீறலின் அளவையும் கணக்குப் போட்டே வையுங்கள். 1/20இல் 1 மி.மீ. என்பது நிஜத்தில் 2 செ.மீ. அதே 1 மி.மீ. புள்ளி 1/72இல் 7 செ.மீ.க்கு மேல், 1/144இல் 14 செ.மீ.க்கு மேல். சிறிய அளவு மாடல்களில் பஞ்சுத் துண்டால் ஒற்றி எடுத்த கீறல்கள் பீரங்கிக் குண்டு பட்ட காயம்போலத் தெரிவதற்கு இதுதான் காரணம். 1/144 என்றால் கீறலை விட்டுவிட்டு நிற மாறுபாட்டை மட்டும் நம்புங்கள்.

கேள்வி: ஹேர் ஸ்ப்ரே முறையில் பெயின்ட் உதிர்க்கப் பார்க்கிறேன். ஒருமுறை தோல் உரிவதுபோல் மொத்தமாக வருகிறது, மறுமுறை எவ்வளவு தேய்த்தாலும் வருவதில்லை. (மதுரை வாசகர்)

பதில்: இந்த முறையில் அடிநிறத்துக்கும் மேல் நிறத்துக்கும் நடுவே அடித்த ஹேர் ஸ்ப்ரே தண்ணீரில் கரைவதால்தான் மேல் பெயின்ட் உதிர்கிறது. உங்கள் இரண்டு சிக்கலுக்கும் காரணம் மேல் பெயின்ட்தான். பசை கலந்த நீர் அக்ரிலிக் பெயின்டுகள், வலெஹோ போன்றவை, காய்ந்ததும் ரப்பர் போன்ற படலமாகிவிடும். உரித்தால் படலமாகவேதான் வரும். தமியா அக்ரிலிக் மொறுமொறுப்பாகக் காயும் என்பதால் சிறு சில்லுகளாக உதிரும். ஆனால் அதை லாக்கர் (வேகமாகக் காயும், வீரியமான கரைப்பான் கொண்ட பெயின்ட் வகை) தின்னரில் கரைத்து அடித்தால் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், பிறகு தண்ணீர் உள்ளே இறங்காது. தண்ணீரிலோ அதன் சொந்த எக்ஸ்-20ஏ தின்னரிலோ கரைப்பதே இந்த முறைக்குப் பொருந்தும்.

வரிசை இப்படி: முதலில் பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சான பிரைமர், அதன் மேல் உதிர்ந்த இடத்தில் தெரிய வேண்டிய நிறம். இவை இரண்டும் லாக்கராக இருக்கட்டும், ஒரு நாள் முழுக்கக் காயட்டும். ஹேர் ஸ்ப்ரேயை 25 செ.மீ. தள்ளி வைத்து இரண்டு மெல்லிய பூச்சு. ஈரம் குளம் கட்டினால் மேல் பெயின்ட் வெடிக்கும். அரை மணி நேரம் விட்டு மேல் நிறத்தை மெல்லியதாக அடியுங்கள். அடிநிறம் லேசாகத் தெரியும் நிலையிலேயே நிறுத்திவிடலாம். தொட்டால் ஒட்டாத அளவு காய்ந்தவுடன், அதிகம் போனால் இரண்டு மணி நேரத்துக்குள், வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ஒரு கை அகல இடத்தை மட்டும் வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்து ஒரு நிமிடம் பொறுங்கள். பழைய, முடி குட்டையான தூரிகையால் குத்துங்கள், தேய்க்காதீர்கள். நுண்ணிய கீறலுக்குப் பல்குச்சி. வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவி, காயவிட்டு, உடனே வார்னிஷ் அடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அடுத்து ஈரக்கை பட்டாலும் உதிரும்.

கேள்வி: அழுத்திப் பொருத்தும் வகை ரோபோ நடைவண்டி. கோடுகளில் எனாமல் வாஷ் (தின்னரில் நீர்க்கக் கரைத்த எனாமல் பெயின்ட்) விட்ட மறுநாள் கால் மூட்டு இரண்டாகப் பிளந்துவிட்டது. பெயின்டில் கோளாறா? (திருச்சி வாசகர்)

பதில்: பெயின்டைக் குறை சொல்வதற்கில்லை. இறுக்கமாகப் பொருத்திய பிளாஸ்டிக்கில் எப்போதும் ஓர் இழுவிசை தங்கியிருக்கும். எனாமல் தின்னர் இண்டு இடுக்கில் புகுந்து அங்கேயே தேங்கினால், அந்த இழுவிசை உள்ள இடத்தில் பிளாஸ்டிக் நொறுங்கும். ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்த பாகங்கள் இதில் இன்னும் மோசம். பெயின்ட் பூசாத உள்பக்கம் வழியாகவே திரவம் நுழைவதால், வெளியே வார்னிஷ் அடித்திருந்தாலும் முழுப் பாதுகாப்பு இல்லை.

வண்ணம் பூசும் முன்பே பொருத்தும் முளைகளை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தளர்த்துங்கள். முளையின் நுனியைச் சாய்வாக வெட்டினாலும் இறுக்கம் குறையும். முடிந்தால் பாகங்களைக் கழற்றி வைத்து வாஷ் போட்டு, தின்னர் முழுக்க ஆவியான பிறகு பொருத்துங்கள். மூட்டுப் பகுதிக்கு மட்டும் நீர் சார்ந்த வாஷ் பயன்படுத்துவதே என் பரிந்துரை. எனாமல் தரும் அழகுக்காக ஒரு காலை இழக்க வேண்டியதில்லை.

இதையொட்டி ஒன்று. கீழ்ப் பூச்சைக் கரைக்காத கரைப்பானையே மேல் பூச்சுக்குப் பயன்படுத்த வேண்டும். லாக்கர் மேல் அக்ரிலிக் போகலாம், அதன் மேல் எனாமலும் ஆயில் பெயின்டும் போகலாம். ஆயில் வேலை முடிந்த பரப்பில் லாக்கர் வார்னிஷை ஈரமாக அடித்தால் எல்லாம் சுருங்கிவிடும். தமியா அக்ரிலிக் ஆல்கஹாலில் கரையும் என்பதால் அதன் மேல் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சைக் கொண்டுபோகாதீர்கள். ஹார்டுவேர் கடை என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) தின்னர், கிட்டின் பிளாஸ்டிக்கான பாலிஸ்டைரீனையே கரைக்கும். அது ஏர்பிரஷை (காற்றழுத்தத்தால் பெயின்டைத் தெளிக்கும் கருவி) கழுவ மட்டும் உதவும்.

கேள்வி: மழைக்காலத்தில் அடித்தால் கருப்பு பெயின்ட் சாம்பல் பூத்தாற்போல் வெளுக்கிறது. (சென்னை வாசகர்)

பதில்: லாக்கர் தின்னர் வேகமாக ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் அதன் மேல் படிந்து பெயின்டுக்குள் மாட்டிக்கொள்கிறது. அந்த வெண்மை அதுதான். ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டினால் லாக்கர் அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள். முடியாவிட்டால் தின்னரில் 5 முதல் 10 சதவீதம் ரிடார்டர் (காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம்) சேர்த்து, ஒவ்வொரு பூச்சையும் மெல்லியதாக அடியுங்கள். மிஸ்டர் லெவலிங் தின்னர் என்ற லாக்கர் தின்னரில் ரிடார்டர் ஏற்கெனவே இருக்கிறது. வெளுத்துப்போன இடத்தில் வெறும் லெவலிங் தின்னரைப் பனிபோல ஒரு சுற்று விட்டால் பெரும்பாலும் நிறம் திரும்பிவிடும். கம்ப்ரசரில் ஈரம் பிடிக்கும் வடிகட்டி இல்லையென்றால் அதை முதலில் வாங்குங்கள். தூசி முகமூடி கரைப்பான் ஆவியைத் தடுக்காது. கரிம ஆவி வடிகட்டி உள்ள முகமூடியும் வெளியேற்றும் மின்விசிறியும் வேண்டும்.

கேள்வி: விண்வெளிக் கலத்தில் துரு போடலாமா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: வெற்றிடத்தில் மட்டுமே பறப்பது என்றால் வேண்டாம். ஆக்சிஜனும் ஈரமும் இல்லாமல் இரும்பு துருப்பிடிக்காது. அலுமினியம் எங்கே இருந்தாலும் செந்துரு பிடிக்காது. இயந்திர வாயைச் சுற்றிக் கரி, வெப்பத்தில் நீலமும் பழுப்புமாக மாறிய உலோகம், மாற்றப்பட்டதால் நிறம் சற்று வேறுபட்ட தகடுகள் போதும். வழிந்த கறைக்கும் ஒரு திசை வேண்டும். கோளில் இறங்கும் கலத்தில் அது இறங்கி நிற்கும் நிலையைக் கொண்டு கீழ்நோக்கி வழியட்டும்.

கேள்வி: ஏர்பிரஷ் இல்லை. தூரிகை மட்டும் போதுமா? (சேலம் வாசகர்)

பதில்: மஷினன் க்ரீகர் மாடல்களுக்குத் தாராளமாகப் போதும். யோகோயாமாவே தூரிகைப் பூச்சுக்குப் பெயர்பெற்றவர். தட்டைத் தூரிகையில் நீர்த்த பெயின்டை எடுத்து, திசை மாற்றி மாற்றி மூன்று நான்கு மெல்லிய பூச்சு கொடுங்கள். ஒவ்வொன்றிலும் நிறத்தைச் சற்றே மாற்றிக் கலந்தால் தூரிகைத் தடமே வெயில்பட்ட பெயின்டாகத் தெரியும். பிறகு பளபளப்பில்லாத வார்னிஷின் மேல் ஆயில் பெயின்ட்: வெள்ளை, ஓக்கர் (காவி மஞ்சள்), பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) மூன்றையும் அட்டையில் பிதுக்கி, ஓரிரு மணி நேரம் எண்ணெயை அட்டை உறிஞ்ச விடுங்கள். உறிஞ்சாத பெயின்ட் பளபளக்கும், நாள்கணக்கில் காயாது. தகடு ஒன்றுக்கு நான்கைந்து குண்டூசித் தலைப் புள்ளிகள் வைத்து, மணமற்ற டர்பன்டைன் தொட்டுத் துடைத்த தூரிகையால் செங்குத்துப் பரப்பில் கீழ்நோக்கி இழுங்கள், கிடைப் பரப்பில் ஒற்றிக் கலையுங்கள். தூரிகை நனைந்திருந்தால் புள்ளி கரைந்து விளிம்பில் வளையமாகக் காயும். துணியில் இரண்டு முறை துடைத்துவிட்டே தொடுங்கள்.