அந்த ரப்பரைக் கீழே வையுங்கள்

கேள்வி: பழைய ரூபாய் நோட்டுகள் சேர்ப்பவன் நான். ரிசர்வ் வங்கி 1938-ல் முதன்முதலாக வெளியிட்ட, ஆறாம் ஜார்ஜ் மன்னர் படம் போட்ட ஐந்து ரூபாயில் கவர்னர் டெய்லர் கையெழுத்துப் போட்டதும் என்னிடம் உண்டு, பிறகு வந்த தேஷ்முக் கையெழுத்தும் உண்டு. எங்கள் தாத்தா மலேயா எஸ்டேட்டில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரன் காலத்துப் பத்து டாலர் நோட்டுகள் பதினான்கைத் தன் ட்ரங்குப் பெட்டியில் வைத்திருந்தார். அவற்றைச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டப்போகிறேன். நான்கு நோட்டுகளின் பின்னால் பென்சிலில் ஏதோ கிறுக்கியிருந்தது. ஒன்றை ரப்பர் வைத்துச் சுத்தம் செய்தேன், மற்றவற்றையும் செய்ய வேண்டும். இதற்குள் என் அக்கா பாதி நோட்டு வேண்டும் என்று வந்து நிற்கிறார். அவருக்கு நோட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர் வீட்டுப் பேரப்பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள். செல்லாத பணத்துக்கு என்ன பாகப்பிரிவினை? என் மனைவியும் அவர் பக்கம்தான். நான் விட்டுக்கொடுக்க வேண்டுமா?

பதில்: அக்காவைப் பற்றி அப்புறம் பேசலாம் தம்பி. என்ன எழுதியிருந்தது?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். எங்கேயும் அது இல்லை. "ஏதோ கிறுக்கியிருந்தது" என்பதோடு சரி. ஆங்கிலேய கவர்னர் கையெழுத்து எது, அவருக்குப் பின்னால் வந்த நம்மவர் கையெழுத்து எது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்த உங்களுக்கு, சொந்தத் தாத்தாவின் கையெழுத்து கிறுக்கலாகப் போய்விட்டது. அதைப் படித்தீர்களா, படித்துவிட்டு அழித்தீர்களா, படிக்காமலேயே அழித்தீர்களா? இதில் எது மோசம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

சட்டத்துக்குள் போன பிறகு நோட்டின் பின்பக்கம் யார் கண்ணில் படப்போகிறது? சுவரைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கும்? பிறகு எதற்கு அழித்தீர்கள்? நோட்டு "சுத்தமாக" இருக்க வேண்டும் என்ற சேகரிப்பாளரின் ஆசை. சரி, அந்தக் கணக்கிலேயே பேசுவோம். ரப்பர் போட்டுத் தேய்த்தால் காகிதத்தின் நார் எழும்பி நிற்கும், மேலே இருக்கும் மினுமினுப்பு போய்விடும். பழக்கப்பட்ட வியாபாரி விளக்கின் கீழே சாய்த்துப் பிடித்தாலே சொல்லிவிடுவார். கழுவிய நோட்டு, இஸ்திரி போட்ட நோட்டு, தேய்த்த நோட்டு மூன்றையும் அவர்கள் ஒதுக்கித்தான் வைப்பார்கள். ஆக, சேகரிப்பாளராகவும் நீங்கள் செய்தது தப்பு.

அதிலும் அது என்ன நோட்டு என்று யோசித்தீர்களா? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்த பிறகு ஜப்பானியர் மலேயாவில் அடித்துத் தள்ளிய பணம். முகப்பில் வாழை மரம். கேட்டவுடன் பத்து டாலர் தருவதாக ஜப்பானிய அரசு ஆங்கிலத்தில் கொடுத்த வாக்கு. போகப்போக வரிசை எண் போடுவதைக்கூட விட்டுவிட்டு, 'எம்' என்று தொடங்கும் எழுத்துகளை மட்டும் போட்டு அச்சடித்தார்கள். விலைவாசி எங்கேயோ போய்விட்டது. ஆயிரக்கணக்கான தமிழர்களை எஸ்டேட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போய்ச் சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடவிட்டதும் இதே காலத்தில்தான். எத்தனை பேர் திரும்பவே இல்லை. 1945-ல் ஜப்பான் சரணடைந்து வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் இது செல்லாது என்று சொல்லிவிட்டான். பெட்டி பெட்டியாகச் சேர்த்து வைத்திருந்தவர்கள் கையில் ஒன்றுமில்லாமல் நின்றார்கள்.

இந்த வகை நோட்டு உலகம் முழுக்க எக்கச்சக்கமாகக் கிடக்கிறது, அபூர்வம் ஒன்றும் இல்லை. உங்கள் பதினான்கில் அபூர்வமானவை அந்த நான்கு மட்டும்தான். அதிலும் ஒன்றைத்தான் நீங்கள் மற்ற நோட்டுகளைப் போல ஆக்கிவிட்டீர்கள். செல்லாது என்று தெரிந்தும் ஒரு மனுஷன் அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து சாகும்வரை பெட்டியில் வைத்திருந்தார் என்றால், காரணம் வாழை மரப் படமாக இருக்காது. யாரோ தர வேண்டிய கடனாக இருக்கலாம். கூட வேலை செய்தவர்களின் பெயராக இருக்கலாம். ஒன்றுமில்லாத மளிகைக் கணக்காகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அழிக்கிற உரிமை உங்களுக்கு இல்லை.

இப்போது செய்ய வேண்டியதைக் கேளுங்கள். அழித்த நோட்டை இருட்டறையில் மேஜைமேல் வைத்து, டார்ச்சை ஒரு பக்கமாகப் படுக்கவைத்து அடியுங்கள். பென்சில் அழுத்திய பள்ளம் பல நேரம் காகிதத்தில் தங்கியிருக்கும். வெளிச்சத்தை நாலு திசையிலிருந்தும் மாற்றி மாற்றி அடித்துப் படம் எடுங்கள். மற்ற மூன்றையும் அப்படியே இரண்டு பக்கமும் எடுத்து வையுங்கள்.

ஹாலில் அசலை மாட்டாதீர்கள். வெயில் பட்டால் மை வெளுக்கும், சட்டத்தின் பின்னட்டையில் இருக்கும் அமிலம் காகிதத்தைப் பழுப்பாக்கும், ராமபாணப் பூச்சி புகுந்தால் சல்லடைதான். செல்லோடேப், பசை, லேமினேஷன் மூன்றையும் மறந்துவிடுங்கள். கடையில் கிடைக்கும் பிவிசி உறையும் வேண்டாம், நாளாக நாளாக அது பிசுபிசுத்து நோட்டில் ஒட்டும். பாலியெஸ்டர் உறையில் போட்டு, ஈரம் இல்லாத அலமாரியில் வையுங்கள். சுவருக்கு அந்த ஜப்பான் நோட்டின் நகல் போதும். அந்த உற்சாகத்தில் நம் ரூபாய் நோட்டுகளையும் கலர் நகல் எடுக்கப் போய்விடாதீர்கள், அது போலீஸ் விவகாரம்.

சரி, அக்கா. "அவருக்கு நோட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது" என்கிறீர்கள். தாத்தாவைப் பற்றித் தெரியுமே? உங்களுக்கு மூத்தவர், தாத்தாவோடு உங்களைவிடக் கூடுதல் காலம் இருந்தவர். அந்த எழுத்து என்னவென்று அவரிடம் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்கத் தோன்றவில்லை. பேரப்பிள்ளைகள் கிழித்துவிடுவார்கள் என்ற பயம் வேறு உங்களுக்கு! இதுவரை அந்த நோட்டுகளுக்குச் சேதம் செய்தது உங்கள் வீட்டில் யார்?

நீங்கள் சம்பாதித்து வாங்கிய ஆறாம் ஜார்ஜ் உங்களுடையது. அதில் அக்கா கை வைத்தால் நானே அவரைக் கண்டிப்பேன். ட்ரங்குப் பெட்டி அப்படியில்லை. ஒரு சாமான் நம் வீட்டிலேயே கிடந்தது என்பதற்காக அது ஆண்பிள்ளையின் சேகரிப்பு ஆகிவிடாது. கூடப் பிறந்தவள் ஒரு பங்கு கேட்டால் உடனே முகம் சுளிக்கும் பழக்கம் நம் குடும்பங்களில் நிறையவே உண்டு, எனக்கு அதில் சிறிதும் உடன்பாடு இல்லை. விலை இருந்தால் "ஆசைப்படுகிறாள்" என்போம், விலை இல்லை என்றால் "இதுக்குப்போய் கேட்கிறாளே" என்போம். செல்லாத பணம்தானே? அப்படியானால் கொடுப்பதில் உங்களுக்கு என்ன கஷ்டம்?

ஆளுக்கு ஏழு. எழுத்து உள்ள மூன்றில் முதலில் எடுப்பது அக்கா. மூன்றையுமே அவர் கேட்டாலும் வாயைத் திறக்காதீர்கள், உங்களிடம் படம் இருக்கிறது. உறை வாங்கும்போது அவருக்கும் சேர்த்து வாங்குங்கள், எப்படி வைக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுங்கள், அதில் நீங்கள் கெட்டிக்காரர்தான். அப்புறம், ஒன்றை அழித்துவிட்ட விஷயத்தை நோட்டுகளைக் கையில் கொடுப்பதற்கு முன்னால் நீங்களே அக்காவிடம் சொல்லிவிடுங்கள். உங்கள் மனைவி சொல்லி அவருக்குத் தெரியவேண்டாம்.