42 வயசில் ஜூடோவா?

கேள்வி: மகளை ஜூடோ வகுப்பில் விட்டுவிட்டு ஒரு மணி நேரம் வெளியில் உட்கார்ந்திருப்பேன். நானும் சேர்ந்தால் என்ன என்று தோன்றுகிறது. வயது 42, உயரம் ஐந்தடிக்கும் கீழே. வீட்டில் சொன்னால் சிரிக்கிறார்கள். சேரலாமா? தற்காப்புக்கு உதவுமா? கருப்பு பெல்ட் எப்போது கிடைக்கும்?
- ஒரு வாசகி

பதில்: தாராளமாகச் சேருங்கள். உயரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம், ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோவே சின்ன உடம்புக்காரர்தான். பள்ளி விடுதியில் பெரிய பையன்களிடம் அடிபட்டு வெறுத்துப்போய், ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியச் சண்டைக் கலையைச் சொல்லித்தர ஆள் தேடி டோக்கியோவில் அலைந்தார். சாமுராய் காலம் முடிந்து அந்தக் கலையை யாரும் சீண்டாத நேரம். பழைய வாத்தியார்கள் சிலர் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்ததால், கட்டுப் போடுகிறவர்களாகப் பார்த்து விசாரித்து, 1877-ல் ஹச்சினோசுகே ஃபுகுடாவிடம் போய்ச் சேர்ந்தார். (உடைக்கத் தெரிந்தவருக்கு ஒட்டவும் தெரியும்தானே!) 1882-ல் எய்ஷோஜி கோயிலில் 12 பாய் விரித்த இடத்தில் தன் பள்ளியான கோடோகானைத் தொடங்கினார்.

ஆளை ஊனமாக்கும் அடிகளை ‘கடா’ என்ற ஒத்திகைப் பயிற்சிக்குள் அவர் ஒதுக்கிவிட்டார். அதனால் மிச்சமுள்ள பிடிகளை எதிராளியிடம் முழு பலத்தோடு போட்டுப் பார்க்கலாம், மறுநாள் இரண்டு பேரும் வகுப்புக்கும் வரலாம்.

ஆனால் எறிவதெல்லாம் அப்புறம், முதல் சில வாரம் ‘உகேமி’ என்கிற விழும் பயிற்சிதான். குந்தி உட்கார்ந்து, தாடையை நெஞ்சோடு ஒட்டி, இடுப்பில் பெல்ட் முடிச்சைப் பார்த்தபடி முதுகை வளைத்துப் பின்னால் சாய வேண்டும். முதுகு தொடும் நேரத்திலேயே இரண்டு கையாலும் கீழே விரித்த ‘மேட்’ மேல் பட்டென்று அறைய வேண்டும். பின்னால் கை ஊன்றவே கூடாது, மணிக்கட்டு போய்விடும். நம் கை முதலில் அதைத்தான் செய்யும், அந்தப் பழக்கத்தை ஒழிக்கத்தான் அத்தனை வாரம். என்னைக் கேட்டால் பெரிய லாபமே இதுதான். தெருவில் ஒருவன் உங்கள் மேல் பாய்வதைவிட ஈரத் தரையில் நீங்கள் வழுக்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம். கத்தியோடு வருகிறவனிடம் ஜூடோ காட்ட வேண்டாம், ஓடிவிடுங்கள்.

புதியவர்களை முதல் நாளே எறிய விடுகிற மாஸ்டர் என்றால் வேறு இடம் பாருங்கள். பிடிபட்டவர் ‘போதும்’ என்று கையால் தட்டியதும் சட்டென்று விட்டுவிடுகிறார்களா என்றும் கவனியுங்கள்.

சரி, கருப்பு பெல்ட். ஜப்பானில் முதல் டான் (கருப்பு பெல்ட்டின் முதல் படி) என்றால் அடிப்படை தெரிந்துவிட்டது, அவ்வளவுதான். அந்த ஃபுகுடாவின் பேத்தி கெய்கோவும் உங்கள் உயரம்தான். பெண்களுக்கு ஐந்தாம் டானுக்கு மேல் கிடையாது என்றிருந்த காலத்தில், 1953-ல் அதை வாங்கியவருக்கு ஆறாவது 1972-ல்தான் கிடைத்தது. பத்தாவதை அமெரிக்க ஜூடோ அமைப்பு 2011-ல் கொடுத்தபோது அவருக்கு வயது 98. நீங்கள் வருஷக் கணக்குப் பார்க்க வேண்டாம்.

மூட்டு வலி, கழுத்து வலி இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டு, மாஸ்டரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். வளையல், மெட்டி, தாலிச் செயின் எதுவும் ‘மேட்’ மேல் ஆகாது. வீட்டில் அதற்குத்தான் உண்மையான சண்டை வரும், சிரிப்பதை விடுங்கள்.