பொது சுகாதாரச் செவிலியம்: எம்.எஸ்சி. நர்சிங்கா, எம்.பி.ஹெச்சா?

அடுத்து எம்.எஸ்சி. நர்சிங் படிப்பதா, எம்.பி.ஹெச். (பொது சுகாதார முதுநிலைப் பட்டம்) படிப்பதா? பி.எஸ்சி. நர்சிங் முடித்தவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பொது சுகாதாரச் செவிலியம் என்றால் ஒரு நோயாளியை மட்டுமல்ல, ஓர் ஊரையே கவனிப்பது. சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்தின் பொறுப்பு சுமார் 5,000 பேர்.

இரண்டுமே பெரும்பாலும் 2 ஆண்டுப் படிப்பு. வேலைதான் வேறு. தெருவில் வயிற்றுப்போக்கு பரவுகிறது என்று வையுங்கள். ஒரு லிட்டருக்கான ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைத் தூள்) பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு மிகுந்து குழந்தைக்கு ஆபத்து என்று வீடு வீடாகப் புரியவைப்பவர், அதைச் செவிலியருக்குக் கற்பிப்பவர், சமூக சுகாதாரப் பிரிவில் எம்.எஸ்சி. நர்சிங் படித்தவர். எந்தத் தெருவில் எத்தனை பேர், குழாய் எங்கே உடைந்தது என்று கணக்கோடு தேடுபவர் எம்.பி.ஹெச். படித்தவர். ஒருவர் குடத்தைப் பார்க்கிறார், மற்றவர் குழாயை. (களத்தில் இரண்டும் கலக்கும்.)

எம்.எஸ்சி.க்கு இந்திய நர்சிங் கவுன்சில் விதிப்படி 55% மதிப்பெண், ஓராண்டுப் பணி அனுபவம், செவிலியராகப் பதிவு வேண்டும். எம்.பி.ஹெச். பல இடங்களில் பிற பட்டதாரிகளுக்கும் உண்டு. புள்ளியியல் கசந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள். சேருமுன் பாடத்திட்டத்தில் களப்பணி எத்தனை வாரம் என்று பாருங்கள்.

எம்.பி.ஹெச். இருந்தால் நர்சிங் கல்லூரியில் விரிவுரையாளர் ஆகலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குக் கேட்பது எம்.எஸ்சி. நர்சிங்தான்.