டிங்கரிங் வேலைதானே என்கிறார் அப்பா

கேள்வி: பள்ளிப் படிப்பு முடிந்து ஆட்டோமொபைல் தொழிற்பயிற்சியில் சேர்ந்திருக்கிறேன். முதல் பருவம் எல்லாருக்கும் பொது. அடுத்த பருவத்தில் சர்வீஸ், விபத்தில் அடிபட்ட வண்டிகளைச் சரிசெய்யும் பாடி வேலை இரண்டில் ஒன்றை எடுக்க வேண்டும். எனக்கு பாடி வேலையும் பெயின்டிங்கும் பிடித்திருக்கிறது. அப்பாவோ, "சுத்தியலால் தட்டுகிற டிங்கரிங் வேலைக்கு எதற்குப் படிப்பு? கம்ப்யூட்டர் வைத்துப் பார்க்கிற சர்வீஸை எடு. பெயின்ட் அடித்தால் நுரையீரல் போய்விடும்" என்கிறார். எதை எடுக்கட்டும்?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: உங்கள் அப்பா சொன்னதில் நுரையீரல் விஷயம் சரி. அதற்குப் பிறகு வருகிறேன். சுத்தியல் விஷயம்தான் பழைய கதை.

சுத்தியலும் தாங்கு இரும்பும் மட்டும் வைத்து வண்டியை நிமிர்த்திய காலம் ஒன்று இருந்தது. அப்போது கீழே கனமான சேஸிஸ், மேலே பாடி என்று இரண்டும் தனித்தனி. மேல் தகடு நசுங்கினால் தட்டி நிமிர்த்தி, பட்டி பூசித் தேய்த்து, பெயின்ட் அடித்தால் வேலை முடிந்தது. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனி சேஸிஸ் கிடையாது. பாடிதான் எலும்புக்கூடு. 1934-இல் வந்த சித்ரோயன் டிராக்‌ஷன் அவான் இந்த முறையைப் பெரிய அளவில் கொண்டுவந்த ஆரம்பகால வண்டிகளில் ஒன்று. அப்புறம் பேலா பாரென்யி என்ற பொறியாளர் வந்தார். மோதும்போது வண்டியின் முன்பக்கமும் பின்பக்கமும் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ள வேண்டும், ஆள் உட்காரும் கூண்டு மட்டும் நசுங்கக் கூடாது என்பது அவர் யோசனை. 1952-இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. 1959-இல் மெர்சிடிஸ் பென்ஸ் அப்படி ஒரு காரை விற்பனைக்கே கொண்டுவந்தது.

ஆக, வண்டி எப்படி ஓட வேண்டும் என்பதோடு எப்படி நசுங்க வேண்டும் என்பதையும் திட்டமிட்டே செய்கிறார்கள். பானட்டுக்கு அடியில் இரண்டு பக்கமும் நீளவாக்கில் ஓடும் சட்டங்களைப் பாருங்கள். அடி விழுந்தால் இங்கேதான் மடிய வேண்டும் என்று சில இடங்களில் வேண்டுமென்றே நெளிவு வைத்திருப்பார்கள். விவரம் தெரியாத ஒருவர் "பலமா இருக்கட்டும்" என்று அங்கே ஒரு தகட்டை வைத்து வெல்டு அடித்துவிட்டால், அடுத்த மோதலில் அந்த இடம் மடியாது. மடிந்து தீர வேண்டிய அடி உள்ளே இருப்பவர்களிடம் போய்ச் சேரும். ஏர்பேக் விரிகிற கணம்கூடத் தப்பலாம். கதவுத் தூண் போன்ற இடங்களில் போரான் கலந்த மிக உறுதியான எஃகு இருக்கும். அதை கேஸ் டார்ச்சில் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினால் பார்வைக்கு நேராகிவிடும், உறுதி போய்விடும். பெயின்ட் அடித்துவிட்டால் எந்த வாடிக்கையாளராலும் கண்டுபிடிக்க முடியாது. செய்தவருக்கு மட்டும்தான் தெரியும், அதுவும் விஷயம் தெரிந்தவராக இருந்தால்.

இதனால்தான் இந்த வேலைக்குப் படிப்பு வேண்டியிருக்கிறது. எந்த இடத்தில் வெட்டலாம், எந்தப் பாகத்தை நிமிர்த்தவே கூடாது, மாற்றத்தான் வேண்டும், எத்தனை ஸ்பாட் வெல்டு (இரண்டு தகடுகளைப் புள்ளி புள்ளியாகச் சேர்க்கும் வெல்டு) போட வேண்டும் என்பதெல்லாம் அந்தந்த மாடலுக்கான தயாரிப்பாளர் கையேட்டில் இருக்கும். வண்டியின் அடியில் குறிப்பிட்ட புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து பார்த்துத்தான் கோணிய பாடியை இழுத்து நேராக்கும் இழுப்பு பெஞ்சில் ஏற்றி இழுக்கிறார்கள். அப்பா தேடுகிற கம்ப்யூட்டரும் இங்கே இருக்கிறது. முன்னால் போகிற வண்டிகளைக் கவனிக்க முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, பம்பருக்குப் பின்னால் ரேடார் வந்துவிட்டன. அந்த ரேடார் 1 டிகிரி திரும்பி மாட்டப்பட்டால் 100 மீட்டர் தொலைவில் ஏறக்குறைய 1.75 மீட்டர் தள்ளிப் பார்க்கும். பக்கத்துத் தடத்தில் போகிற வண்டியை முன்னால் போகிற வண்டி என்று நினைத்துக்கொள்ள அது போதும். கண்ணாடி மாற்றினாலும் பம்பர் கழற்றினாலும் இவற்றைத் திரும்ப அளவு பிடித்து வைக்க வேண்டியிருக்கும். அந்த பம்பரில் கனமாகப் பட்டி பூசினாலே ரேடார் அலைக்கு இடைஞ்சல்.

சரி, சர்வீஸ் பக்கம் வருவோம். அது கம்ப்யூட்டர் பார்த்துச் சொல்கிற வேலை என்பதும் பாதிதான் உண்மை. 1996 முதல் அமெரிக்காவில் கட்டாயமாக்கப்பட்ட ஓபிடி-2 முறை (வண்டியே தன் பழுதைக் குறியீடாகச் சொல்லும் முறை) பிறகு பல நாடுகளிலும் பரவி, எல்லா மெக்கானிக் கையிலும் ஸ்கேனர் வந்துவிட்டது. ஆனால் ஸ்கேனர் புகாரைப் படித்துக் காட்டும், குற்றவாளியைக் காட்டாது. உதாரணத்துக்கு பி0171 என்று ஒரு பழுதுக் குறியீடு வருகிறது. எஞ்சினுக்குப் போகும் கலவையில் எரிபொருள் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். அவசரக்காரர் உடனே ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுவார். அதே குறியீடு திரும்ப வரும். விரிசல் விட்ட ஒரு ரப்பர் குழாய் வழியாகக் காற்று புகுந்துகொண்டிருக்கலாம், காற்றை அளக்கும் சென்சாரில் அழுக்கு படிந்திருக்கலாம், எரிபொருள் பம்ப் சோர்ந்திருக்கலாம். ஒவ்வொன்றையும் அளந்து விலக்கிக்கொண்டே போக வேண்டும். பேட்டரியில் 12.6 வோல்ட் இருக்கிறது, ஹெட்லைட் மட்டும் மங்கல் என்றால் துரு பிடித்த ஓர் எர்த் முனையைத் தேடி ஒரு மணி நேரம் போகும். கண்டுபிடித்த பிறகு உப்புத்தாள் தேய்ப்பு, ஐந்து நிமிட வேலை.

இரண்டுக்கும் பொறுமை வேண்டும், ஆனால் ஒரே பொறுமை இல்லை. சர்வீஸில் வெகுநேரம் ஒன்றுமே பிடிபடாது, யூகத்தில் கை வைக்காமல் தேட வேண்டும். பாடி வேலையில் பழுது பெரும்பாலும் கண்ணெதிரே இருக்கிறது, அதைச் சரியாக்கும் வழிதான் நீளம். தேய், துடை, கையால் தடவிப் பார், மறுபடி தேய். பள்ளம் மேட்டைக் கண்ணை விட உள்ளங்கை சீக்கிரம் சொல்லிவிடும். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட், பிரைமர் என்ற அடிப்பூச்சு, நிறம், கிளியர் கோட் என்ற நிறமில்லாத மேல்பூச்சு எல்லாம் சேர்த்துப் பொதுவாக 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது இரண்டு தலைமுடி கனம். பாலிஷ் போடுகிறேன் என்று ஓரங்களில் கொஞ்சம் அதிகம் அழுத்தினால் நிறம் வரை போய்விடும். ஒரு பூச்சு அடித்துவிட்டு அது உலரும்வரை சும்மா நிற்பதும் வேலையில் சேர்த்திதான். அந்தச் சும்மா நிற்பது எனக்கு வரவே இல்லை. பயிற்சிக் காலத்தில் ஒரு கதவுக்கு டியூப்லைட் வெளிச்சத்தில் அவசரமாக நிறம் சேர்த்தேன். ஷெட்டில் பார்த்தபோது அச்சு அசலாக இருந்தது. வெயிலில் கொண்டுபோய் நிறுத்தினால் கதவு மட்டும் வேறு வண்டியிலிருந்து கழற்றி வந்த மாதிரி நின்றது. ஒரு தகட்டில் அடித்துப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார், பக்கத்துப் பாகத்திலும் நிறத்தைக் கொஞ்சம் கலந்து இறக்கு என்று சொல்லித்தான் தந்திருந்தார்கள். கேட்டால்தானே! அதற்கப்புறம் சர்வீஸுக்கு மாறிக்கொண்டேன்.

அதனால் உங்களைக் கேட்கிறேன். இந்தப் பருவத்தில் எந்த வேலை செய்தபோது சாப்பாட்டு மணி காதில் விழாமல் போனது? வயரிங் பலகையில் பழுது தேடியபோதா, தகட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதா? கடிதத்தைப் பார்த்தால் இரண்டாவது என்றுதான் தோன்றுகிறது. அப்படியானால் பாடி வேலையையே எடுங்கள். அப்பா கௌரவம் பற்றிக் கவலைப்படுகிறார் என்றால், வேர்ல்ட்ஸ்கில்ஸ் என்ற உலகத் தொழில்திறன் போட்டியில் ஆட்டோமொபைல் டெக்னாலஜி, பாடி ரிப்பேர், கார் பெயின்டிங் மூன்றும் தனித்தனிப் போட்டிகள் என்று சொல்லுங்கள். மின்சாரப் பாடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். வெல்டிங்குக்கு முன் பேட்டரி இணைப்பைக் கழற்றுவது, ஏர்பேக்கும் சீட் பெல்ட் இறுக்கியும் எங்கே இருக்கின்றன என்று தெரிந்துகொள்வது, மின்சார வண்டியில் ஆரஞ்சு நிறக் கேபிள்களைத் தொடாமல் இருப்பது எல்லாம் பாடிக்காரருக்கும் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். அந்தக் கேபிள்களில் 400 வோல்ட், சில வண்டிகளில் 800 வோல்ட் இருக்கும்.

இப்போது நுரையீரல். இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் டூ-பேக் பெயின்டிலும் கிளியர் கோட்டிலும் பூச்சு இறுகுவதற்காகக் கலக்கும் ஹார்டனரில் ஐசோசயனேட் என்ற ரசாயனம் இருக்கிறது. பெயின்டர்களுக்கு ஆஸ்துமா வர இது பெரிய காரணம். ஒருமுறை உடம்புக்கு ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும், தொழிலையே விட வேண்டிவரும். வாசனையை நம்ப முடியாது. மூக்குக்குத் தெரிவதற்குள் பாதுகாப்பான அளவைத் தாண்டியிருக்கும். தண்ணீர் கலந்த பெயின்ட் வந்துவிட்டதே என்பார்கள். நிறப் பூச்சுக்கு அது நல்லதுதான், ஆனால் அதன் மேல் அடிக்கும் கிளியர் கோட்டில் பெரும்பாலும் அதே ஹார்டனர்தான். துணி முகமூடி, தூசி முகமூடி எதுவும் உதவாது. வெளியிலிருந்து குழாய் வழியாகச் சுத்தமான காற்று வரும் முகக்கவசம்தான் வேண்டும், கையில் நைட்ரைல் உறையும். முகத்தோடு ஒட்டி நிற்க வேண்டிய கவசங்கள் தாடி வைத்த பையன்களுக்குச் சரியாக ஒட்டாது. அந்த ஒன்றில் வகுப்பில் உங்களுக்குத்தான் வசதி, உங்கள் முக அளவுக்கு வாங்கித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். உங்களுக்கு ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தால் மட்டும் பெயின்டிங்கை விட்டுவிடுங்கள்.

தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் நிலையத்தின் பாடி பிரிவுக்குள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு ஒருமுறை போய்வாருங்கள். சுவரில் மாட்டிய சான்றிதழ்களை விடுங்கள். அளக்கும் கருவி தூசி படிந்து கிடக்கிறதா, ஸ்ப்ரே பூத்தில் எத்தனை மாணவர்களுக்குக் காற்றுக்குழாய்க் கவசம் இருக்கிறது என்று பாருங்கள். கடைசியாகக் கழிவுத் தொட்டியை எட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் மாணவர் போட்ட ஸ்பாட் வெல்டைப் பிய்த்துச் சோதிப்பார்கள். வெல்டு சரியாகப் பிடித்திருந்தால் ஒரு தகட்டில் பொத்தான் மாதிரி உலோகம் ஒட்டிக்கொண்டு வரும், மற்றதில் அந்த அளவுக்கு ஓட்டை விழும். அப்படிக் கிழிந்த தகடுகள் தொட்டியில் நிறையக் கிடந்தால் அங்கே சொல்லித்தருகிறார்கள். தொட்டி காலியாக இருந்தால் மூன்றாம் பருவ மாணவர் யாரிடமாவது தனியாகப் பேசிப் பாருங்கள்.

பெயின்டிங் வகுப்பு தொடங்கும் முன் ஒரு ஸ்பைரோமெட்ரி பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள். ஊதிக் காட்டினால் நுரையீரல் எவ்வளவு காற்றை எவ்வளவு வேகமாக வெளியே தள்ளுகிறது என்று சொல்லும் சாதாரண சோதனைதான். ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப எடுத்து முதல் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நகல் ஒன்றை அப்பாவிடம் கொடுத்துவிடுங்கள்.