பெரோவ்ஸ்கைட் தகட்டுக்குக் கண்ணாடி மூடி போதாதா?

கேள்வி: விசைத்தறிக் கூடத்தின் கூரையில் சூரிய மின்தகடு அமைக்க இருக்கிறேன். பெரோவ்ஸ்கைட் என்னும் மலிவான தகடு வரப்போவதாகவும், ஈரத்தில் கெடும் அதன் குறையை ஒரு பூச்சால் சரிசெய்துவிட்டதாகவும் என் மகன் சொல்கிறான். கண்ணாடியால் மூடினாலே ஈரம் புகாதே, பூச்சு எதற்கு? அது வரும்வரை காத்திருக்கலாமா?
– வாசகர், பல்லடம்

பதில்: காத்திருக்க வேண்டாம், 25 ஆண்டு உத்தரவாதத்துடன் கிடைக்கும் சிலிக்கான் தகட்டையே இப்போது அமைத்துக்கொள்ளுங்கள்.

2009-இல் ஜப்பானில் மியாசாக்கா குழுவினர் செய்த முதல் பெரோவ்ஸ்கைட் மின்கலம் வெயிலை மின்சாரமாக்கும் திறன் 3.8 விழுக்காடுதான், இன்று ஆய்வகத்தின் சிறு கலங்கள் 26 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. ஆயினும் ஈரம் மட்டுமே அதற்குப் பகையன்று. பெரோவ்ஸ்கைட் என்பது மெல்லிய படலமாகப் படியவைக்கும் ஒரு படிகம்; வெயிலும் சூடும் பட்டாலே அதிலுள்ள அயோடின் அயனிகள் இடம்பெயர்கின்றன. அவை விட்டுச்சென்ற வெற்றிடங்கள் படிகத்தின் மேற்பரப்பிலும் அதன் நுண்மணிகள் ஒன்றையொன்று தொடும் விளிம்பிலும் மிகுதி என்பதால், சிதைவு பெரும்பாலும் அங்கிருந்தே தொடங்கிக் கரிய படலம் மஞ்சள் நிறக் காரீய அயோடைடாக மாறிவிடுகிறது. கண்ணாடி வெளியிலிருந்து வரும் நீரைத் தடுக்குமே தவிர, உள்ளே நடக்கும் இந்த இடப்பெயர்ச்சியைத் தடுக்காது.

ஆகவே பூச்சு கண்ணாடிக்கு அடியில், படிகத்தின் மேலேயே, சில நானோமீட்டர் கனத்தில் அமைகிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர் நவச்சாரம் தூவித் தேய்ப்பதைப் பார்த்திருப்பீர்கள்; நவச்சாரம் ஓர் அம்மோனியம் உப்பு. இங்கும் அம்மோனியம் உப்புகளே உதவுகின்றன, வேலைதான் வேறு: ஃபீனெத்தில் அம்மோனியம் போன்ற பெரிய அயனியின் ஒரு முனை படிகத்தின் வெற்றிடத்தில் பொருந்திக்கொள்ள, நீரை விலக்கும் மறுமுனை வெளிப்புறம் நோக்கி நிற்கிறது.

மகன் சொல்லாமல் விட்டது இனிமேல்தான். இப்பூச்சு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. சற்றுத் தடித்தாலும் மின்னோட்டம் குறையும். சூடு ஏறினால் அந்த அயனிகளே மெல்லக் கீழிறங்கிப் படிகத்துக்குள் கலந்துவிடுவதும் உண்டு. சித்திரை வெயிலில் தகரக் கூரை காய்வதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 85 டிகிரி வெப்பத்திலும் 85 விழுக்காடு ஈரப்பதத்திலும் 1,000 மணி நேரம் வைத்துப் பார்ப்பது வழக்கமான சோதனை. அது ஏறத்தாழ 42 நாள். உங்கள் கூரை கேட்பதோ 25 ஆண்டு.

இன்னொன்று, இப்படிகத்தில் காரீயம் இருக்கிறது. தகடு உடைந்தால் அது மழைநீரில் கரைந்து வெளியேறாதபடி பிடித்துவைக்கும் படலங்களையும் ஆய்வாளர்கள் உருவாக்கிவருகிறார்கள். நொய்யல் கரைக்காரர்கள் முதலில் கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்.