ஊசியா, ஸ்டென்டா, மாத்திரையா?

கேள்வி: அப்பாவுக்கு ஹார்ட் அட்டாக் வந்தபோது, பக்கத்து ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டுவிட்டுத்தான் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நேராக ஆஞ்சியோபிளாஸ்டிக்கே கொண்டுபோயிருக்க வேண்டாமா?
- வாசகர், எண்ணூர்

பதில்: ஈ.சி.ஜி. கோட்டில் எஸ்.டி. என்று சொல்லும் பகுதி தூக்கியிருந்தால் ரத்தக்குழாய் பெரும்பாலும் முழுசாக அடைத்திருக்கும். ஈ.சி.ஜி. பார்த்த 120 நிமிடத்துக்குள் அடைப்பைத் தாண்டிக் கம்பி போய்விடும் என்றால் ஆஞ்சியோபிளாஸ்டிதான் (குழாய்க்குள் கம்பி, பலூன் செலுத்தி அடைப்பைத் திறப்பது) மேல். ஆனால் அந்த 120 நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்து சேர்வது, கையெழுத்து வாங்குவது, ராத்திரியில் கேத் லேப் (ஆஞ்சியோ செய்யும் அறை) ஆட்களை வரவழைப்பது எல்லாமே அடக்கம். எண்ணூரிலிருந்து ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரி அப்படியொன்றும் தூரமில்லை; கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும்போது அந்தக் கிலோமீட்டர் கணக்கு உதவாது.

நேரத்துக்குப் போய்ச் சேர முடியாதென்றால் ஊசிதான். வலி தொடங்கி 12 மணி நேரம் வரை போடலாம். முதல் 3 மணி நேரத்தில்தான் நன்றாகக் கேட்கும். கட்டியைக் கரைக்கும் ஊசிகளில் டெனெக்டிபிளேஸ் என்றால் எடைக்கேற்ப 30 முதல் 50 மி.கி., ஒரே தடவையில் நரம்பில் ஏற்றுவார்கள். 75 வயதைத் தாண்டியவர்களுக்குப் பாதி அளவு. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஏறும், இடையில் பி.பி. இறங்கினால் வேகத்தைக் குறைக்க வேண்டிவரும்.

ஊசி போட்டாயிற்றே என்று அங்கேயே படுக்கவைப்பதுதான் தப்பு. 60-90 நிமிடத்தில் மறுபடி ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும். எஸ்.டி. உயரம் பாதிகூட இறங்கவில்லையென்றால் ஊசி கேட்கவில்லை, உடனே கேத் லேப். கேட்டிருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ (சாயம் செலுத்தி ரத்தக்குழாயைப் படம் எடுப்பது) பார்த்துவிட வேண்டும். எப்போதாவது மூளையில் ரத்தக்கசிவு வந்தவருக்கு இந்த ஊசியே கூடாது. அவருக்குத் தூரமானாலும் கேத் லேப்தான்.

கேள்வி: மாமியாருக்கு 79 வயது, 50 கிலோ. சர்க்கரை உண்டு, கிரியாட்டினின் (சிறுநீரகத்துக்கான ரத்த டெஸ்ட்) 1.8. ட்ரோபோனின் (இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ரத்த டெஸ்ட்) கூடியிருக்கிறது, எஸ்.டி. தூக்கவில்லை. ஒரு டாக்டர் ஆஞ்சியோ என்கிறார், இன்னொருவர் மாத்திரை போதும் என்கிறார்.
- வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: வலி விடாமல் இருந்தாலோ, பி.பி. விழுந்தாலோ, நுரையீரலில் நீர் கோத்து மூச்சு வாங்கினாலோ வயதைப் பார்க்காமல் 2 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ. இவை எதுவும் இல்லை, வலி அடங்கிவிட்டது என்றால் இரண்டு டாக்டர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. இதே வகை அட்டாக் வந்த 75 வயதைத் தாண்டிய 1,518 பேரிடம் நடந்த சீனியர்-ரீட்டா ஆய்வு 2024இல் வெளியானது. ஆஞ்சியோ வழியில் போனவர்களுக்கு மறு அட்டாக் குறைந்தது. இதய நோயால் இறப்பது குறையவில்லை.

எங்களுக்குக் கவலை அந்த 1.8 மேல்தான். ரிப்போர்ட்டில் கொஞ்சம் கூடியதுபோலத் தெரியும். இந்த வயதுக்கும் எடைக்கும் கணக்குப் போட்டால் சிறுநீரகம் நிமிடத்துக்குச் சுமார் 20 மி.லி.தான் வடிகட்டுகிறது. ஆஞ்சியோ சாயம் அதை இன்னும் கெடுக்கலாம். அதனால் செய்வதானால் கை வழியாக, குறைந்த சாயத்தில், முன்னும் பின்னும் சலைன் கொடுத்துச் செய்ய முடியுமா என்று கேளுங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் மறக்காமல் சொல்லுங்கள்.

மாத்திரை வழியிலும் ஆபத்து இல்லாமலில்லை. ரத்தம் கட்டாமல் தடுக்கும் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் மாத்திரைகள் இரண்டோடு, அதே வேலைக்கான எனாக்ஸாபரின் ஊசியும் சேரும். சிறுநீரகம் வடிகட்டும் அளவு நிமிடத்துக்கு 30 மி.லி.க்குக் கீழே போனால் அந்த ஊசி நாளுக்கு ஒரு வேளைதான். வழக்கம்போல இரு வேளை போட்டால் ரத்தக்கசிவில் கொண்டுபோய் விடும். மலம் கறுப்பாகப் போனால் உடனே சொல்லிவிடுங்கள். மாத்திரை என்று முடிவான பிறகும் வலி திரும்ப வந்தால், அன்றைக்கே ஆஞ்சியோவுக்கு மாற வேண்டியதுதான்.

கேள்வி: அட்டாக் வந்து பத்து நாள் கழித்துத்தான் ஆஞ்சியோ எடுத்தோம். ஒரு குழாய் முழு அடைப்பு. இப்போது வலியே இல்லை. ஸ்டென்ட் வைக்கலாமா?
- வாசகர், ராயபுரம்

பதில்: வலி, மூச்சு வாங்கல் எதுவுமின்றி நிலையாக இருந்தால் அவசியமில்லை. அட்டாக் வந்து 3 முதல் 28 நாளில் இப்படி முழுசாக அடைத்த குழாயைத் திறந்து பார்த்த ஓ.ஏ.டி. ஆய்வில் (2006) மரணமும் குறையவில்லை, மறு அட்டாக்கும் குறையவில்லை. மாத்திரைகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். நடக்கும்போது நெஞ்சைப் பிடித்தால் மறுபடி டாக்டரைப் பாருங்கள்; அப்போது கணக்கு வேறு.